எதிரிக்கு ஒரு கடல்

அந்தப் பிரம்பு நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். அது எதிரியின் நாற்காலி. இப்படி இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். இங்கிருந்தும் படம் தெரியும். அங்கிருந்து தெரிகிற அளவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது அவனுக்குக் கிடைத்த யோகம். யோகம் என்று சொல்லக் கூடாது, தண்டனை.

வண்டி வாசலிலேயே நிற்கட்டும். டிரைவர் முக்குக் கடையில் டீ குடித்துவிட்டு வரட்டும். படத்தைத் தர முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அப்புறமும் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஜெனோவாதான் அனுப்பியிருப்பாள். பிள்ளை அழுதாளா? அழுதிருப்பாள். முதல் கண்காட்சி. நடுச் சுவரில் இந்தப் படம் தொங்க வேண்டும், இது இல்லாவிட்டால் மற்றது எதுவும் எடுபடாது என்று என்னிடமும் சொன்னாள். ஒரு மாதம்தான் மாமா என்றாள். ஒரு மாதம் என்ன, ஒரு நாள் இந்தச் சுவர் காலியாக இருந்தாலும் அவன் தப்பித்துக்கொள்வான். அதற்கு நான் விட மாட்டேன்.

அவன் என்றால் யார் என்கிறீர்களா? அவள் அப்பன்தான். தொம்மை. என் மச்சினன், என் பெண்டாட்டி பிரகாசியின் கூடப்பிறந்த தம்பி. வாசலுக்கு நேரே சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சைச் சுவர் தெரிகிறதே, மாடி மாடியாக ஏறி, குழாய் குழாயாக இறங்குகிறதே, அது அவன் வீட்டின் முதுகு. முகம் அந்தப் பக்கம், கடலைப் பார்த்து இருக்கிறது. எனக்கு முதுகைக் காட்டிக் கட்டினான்.

அந்த இடத்தில் முன்பு ஒன்றும் கிடையாது. எருக்கஞ்செடியும் ஆடுகளும்தான். அதைத் தாண்டினால் கரை, கரையைத் தாண்டினால் கடல். மனை என் மாமனாருடையது, அவருக்குப் பிறகு மகனுக்கு. அவன் மனைதான், இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலமானால் பிரகாசி இந்த வாசல்படியில்தான் உட்காருவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நான் தொழிலுக்குப் போன காலத்தில் வள்ளம் கரைக்கு வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்தாள். நான் தொழிலை விட்ட பிறகும் உட்கார்ந்தாள். 'நான்தான் வீட்டுல இருக்கேனே, இன்னும் யாரப் பாத்துக்கிட்டு இருக்க?' என்று கேட்டேன். 'இத்தன நாளும் ஒங்களையா பாத்தேன்னு நெனச்சீங்க?' என்றாள். வாய் அப்படி.

பிறகு அவளுக்குக் காலில் நீர் கோத்துக்கொண்டது. நடமாட்டம் குறைந்தது. கட்டிலை விட்டால் படி, படியை விட்டால் கட்டில். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவன் அஸ்திவாரம் தோண்டினான். சொந்த அக்காள் கண்ணுக்கு எதிரே ஒவ்வொரு கல்லாக அடுக்கினான். முதலில் கரை மறைந்தது. பிறகு தண்ணீர் மறைந்தது. கடைசியில் மேலே கொஞ்சம் வானம் இருந்தது, மாடி ஏற்றியபோது அதுவும் போயிற்று.

அதோடு விட்டானா? முன்பக்க வராந்தாவுக்குப் படியே வைக்காமல், சந்திலிருந்து சாய்வாக ஒரு தளம் போட்டான். ஓரத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. கடலைப் பார்த்து ஒரு பிரம்பு நாற்காலி. இதோ, இதே நாற்காலிதான். ஜெனோவா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அவள் இங்கே வந்து, 'அத்தை, அப்பா கூப்பிடுதாங்க, அங்க வந்து உக்காருங்க' என்றாள். பாருங்கள் அவன் திமிரை. இங்கே கடலைப் பறித்துக்கொண்டு, அதைப் பார்க்க என் பெண்டாட்டியை அவன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். அவன் வாசலை மிதித்தால் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. ரோஷக்காரி. என் பக்கம் நின்றாள். இந்தப் படியிலேயே உட்கார்ந்து அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் போய்விட்டாள். கடலைப் பார்த்தே வாழ்ந்தவள், கடைசியாக அவள் கண்ணில் பட்டது அவன் வீட்டுக் கக்கூஸ் குழாய். இதை நான் மறப்பேனா தம்பி? யார் செய்தது இது?

பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு சேலையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வர விடவில்லை. தட்டோடு திரும்பிப் போனான். ஊரே பார்த்தது. ஆனால் அது போதாது. ஒரு நாள் தலைகுனிவு எந்த மூலைக்கு? தினமும் வேக வேண்டும். உட்கார்ந்து, நின்று, சோறு தின்று கை கழுவுகிற நேரத்திலெல்லாம் வேக வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நமக்குப் படிப்புக் கிடையாது, கோர்ட்டு கேஸ் என்று அலையத் தெரியாது. வருஷங்கள் போயின.

வழியை அவன் மகளே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சென்னையில் படம் வரைகிற படிப்புப் படித்து முடித்து, கடைசியாகச் செய்த படத்தைக் கொண்டு வந்திருந்தாள். உங்களுக்குத் தெரியும் அது எத்தனை பெரிசு என்று. ஆளும் பேருமாகப் பிடித்துத்தான் இறக்கினார்கள். அப்பன் எட்டிப் பார்த்தான். 'கடலே வாசல்ல கெடக்கு, அதுக்கு எதுக்குடி படம்?' என்றான். படமும் மாடிப்படியில் திரும்பவில்லை. சந்தில் சாய்த்து வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னான்.

நான் இந்தப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூறல் போட்டது. அந்தப் பிள்ளை தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நனைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. அப்பன் வேண்டாம் என்று சந்தில் போட்டதை நான் நடுவீட்டில் மாட்டினால்? அதுவும் அவன் பின்வாசலுக்கு நேரே மாட்டினால்? என் கடலை மறைத்தாய் அல்லவா, பார், என் வீட்டுக்குள்ளே ஒரு கடல். அதுவும் உன் மகள் கையால் செய்தது, நீ வீசி எறிந்தது. பார்த்துக்கொண்டே இரு.

'இங்க கொண்டு வா' என்றேன். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாசம் என்று நினைத்துவிட்டாள். நினைத்துக்கொள்ளட்டும்.

எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. கடல் படம் என்றால் ஒரு படகு, ஒரு சூரியன், ஓரத்தில் இரண்டு தென்னை. சலூன் கடையில் மாட்டியிருப்பான். இதில் அதெல்லாம் கிடையாது. கரைகூடக் கிடையாது. வெறும் நீலமும் சாம்பலும் வெள்ளையும், வரப்பு வரப்பாக, தடவினால் கையில் உரசும். கொத்தனார் பாதியில் விட்டுப்போன பூச்சு மாதிரிதான் எனக்குப் பட்டது. அதைப் பற்றி எனக்கென்ன? அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வாசலுக்கு நேர்ச்சுவர் திருஇருதய ஆண்டவருக்குத்தான். சாமியார் வந்து மந்திரித்து வைத்த படம். அதைக் கழற்றி, அதோ வாசலுக்கு மேலே, இந்தப் படத்தைப் பார்த்த மாதிரி மாட்டினேன். பங்குச் சாமியார் வந்தபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'அவரு நடந்த தண்ணிதான சாமி, பாத்துக்கிட்டு இருக்கட்டும்' என்றேன். சிரித்துவிட்டு, ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். சுவர் ரோஸ் கலரில் இருந்தது. அவன் கண் வேறு பக்கம் போகக் கூடாது என்று வெள்ளை அடித்தேன். கடிகாரத்தைக் கழற்றினேன். காலண்டரைக் கழற்றினேன். பிரகாசி படம் உள்ளறையில் இருக்கிறது.

பொழுது சாய்ந்த பிறகும் அவனுக்குத் தெரிய வேண்டுமே என்று படத்துக்கு மேலே ஒரு சிவப்பு சீரோ வாட் பல்பு போட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டேன். மறுநாள் மீன் விற்கிற பெண்கள் கூட்டமாகத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். 'யாரு அண்ணாச்சி, ஒரு வார்த்த சொல்லலியே' என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். யோசித்துப் பாருங்கள். நடுச் சுவரில் ஒரு படம், மேலே சிவப்பு பல்பு, படத்தில் ஆளைக் காணோம், கடல் மட்டும்தான் இருக்கிறது. எவனோ கடலோடு போய்விட்டான், உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை, அதனால்தான் கடலையே மாட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விளக்கிச் சொல்வதற்குள் ஒரு கிழவி ஒப்பாரியே எடுத்துவிட்டாள். நல்ல குரல். நிறுத்தச் சொல்ல மனசில்லாமல் கொஞ்ச நேரம் கேட்டேன்.

ஜெனோவாதான் பல்பைக் கழற்றச் சொன்னாள். வெளிச்சம் நேரே விழுந்தால் படம் செத்துப்போகும் மாமா, பக்கத்திலிருந்து விழுந்தால்தான் மேடு பள்ளம் எழும்பும் என்றாள். பக்கவாட்டில் ஒரு வெள்ளை விளக்கு வைத்துப் போட்டுப் பார்த்தேன். அடேயப்பா. ஒவ்வொரு வரப்புக்கும் நிழல் விழுந்து, சுவரை விட்டு அலை எழுந்து நின்றது. சாயங்காலம் அந்தத் தெற்கு ஜன்னல் வெளிச்சம் இன்னும் மோசம். வெயில் சரியச் சரிய நிழல் நீளும், தண்ணீர் நகர்கிற மாதிரி இருக்கும். காலையில் பார்த்த படம் மாலையில் இருக்காது. மேகம் போட்டால் ஒரு கடல், வெயில் அடித்தால் ஒரு கடல். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்த்துத்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். எந்த நேரத்தில் அவனுக்கு அதிகமாக எரியும் என்று தெரிய வேண்டும் அல்லவா?

அடுப்பைப் பின்பக்கம் மாற்றிவிட்டேன், தாளிக்கிற புகை பட்டுவிடக் கூடாது. உப்புக் காற்றில் தூசி ஒட்டும். அதைத் தட்ட மெல்லிசாக ஒரு பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் எதற்கு? படம் மங்கினால் அவன் எரிச்சலும் மங்கிவிடும்.

சரி, அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். முதலில் கை கழுவப் பின்வாசலுக்கு வந்தவன் சட்டென்று உள்ளே போய்விட்டான். அப்புறம் கை கழுவ ரொம்ப நேரமானது. அப்புறம் கையில் ஒன்றும் இல்லாமலே வந்து நின்றான். கடைசியில் பின்வாசலில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டான். கடலைப் பார்த்துக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி என் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்ப்பேன். சாப்பாடே வேண்டாம் போல இருக்கும்.

ஒரு சமயம் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். கதவைத் திறக்க ஆளில்லை. யாரோ தட்டுகிறார்கள். எழுந்து போய்த் திறந்தால் அவன்.

'கதவ ஏன் சாத்தி வச்சிருக்கீங்க அத்தான்?' என்றான்.

அக்காள் செத்த பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு இது. உடம்புக்கு என்ன என்று கேட்டானா? இல்லை. கதவு சாத்தியிருக்கிறதாம். பிறகு கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தான், மாத்திரை வாங்கி வந்தான், அது வேறு. முதலில் கேட்டது கதவைத்தான்.

எனக்கு அந்தக் காய்ச்சலிலும் ஒன்று புரிந்துவிட்டது. பயல் தூண்டிலைக் கவ்விவிட்டான். 'பாக்கணும்னா உள்ள வந்து பாரு' என்றேன். காய்ச்சல் விட்ட பிறகும் கதவைச் சாத்தியே வைத்தேன். என் படி ஏறாமல் இனி உனக்குக் கடல் கிடையாது. என் பிரகாசி உன் வாசலை மிதிக்கவில்லை, நீ என் வாசலை மிதி.

இரண்டு நாள் பொறுத்து வந்தான். தலையில் இந்த நாற்காலி. இதோ இந்த இடத்தில் இறக்கி வைத்தான். 'அக்காவுக்கு வாங்குனது' என்றான். 'ஒருத்தரும் உக்காந்ததில்ல.'

என் வீட்டில் உட்கார என் பெஞ்சு ஆகாதாம், சொந்த நாற்காலி கொண்டு வருகிறான். அந்தக் கர்வத்தை என்னவென்று சொல்வது? சரி, உட்கார், உட்கார்ந்து வெந்து சாவு என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் இந்த ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்துவிடுவான். அவன் முன்னால், நான் பின்னால். ஒரு பேச்சுக் கிடையாது. ஒரு நாள் எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தான். 'இது என்னது, மண்ணா?' என்று கேட்டான்.

தம்பி, நான் இத்தனை வருஷம் காத்திருந்ததற்குக் கூலி அந்தக் கேள்விதான். அவன் மகள் இதை எப்படிச் செய்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும், ஜெனோவா சொல்லியிருக்கிறாள். நிதானமாக எழுந்து போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது நம்ம கரை மணல், சலித்து எடுத்துப் பசையில் குழைத்தது. இந்த வெள்ளை, சிப்பி இடித்த பொடி. இந்தக் கோடு கோடாக அழுந்தியிருப்பது கிழிந்த வலையை வைத்து அழுத்தி எடுத்தது. வலை யாருடையது என்று நினைக்கிறாய்? உன்னுடையதுதான், நீ குப்பையில் போட்டது. இந்த நீலம் ஒரே பூச்சு கிடையாது, பூசிக் காயவைத்து, சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி. உன் பிள்ளை கையில் கொப்புளம் வந்து கிடந்தாள், உனக்குத் தெரியுமா? இப்படிக் கேட்டேன். வலது பக்கம் கீழே பாருங்கள், ஒரு வரப்பும் இல்லாமல் வழவழவென்று ஓய்ந்து கிடக்கிறதே, அந்த இடத்தில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளே குளிர்ந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் வந்ததும் படத்துக்குப் பேர் என்று ஒன்று சொன்னீர்களே. அத்தை வாசல். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கேட்டதும் கோபம்தான் வந்தது. அத்தை வாசல் என்றால் அது என் வாசல். மாமா வாசல் என்று வைத்தால் என்ன? அதிலும் வாசல் எங்கே இருக்கிறது, படி எங்கே இருக்கிறது? வெறும் தண்ணீர்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் பிரகாசிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் மடிக்கு நேரே பார்த்தால் தண்ணீர் ஓரமாக அப்படித்தான் ஓய்ந்து கிடக்கும், கடலுக்கடியில் பாறைப் பார்கள் அலையைத் தடுத்து.

சரி. அது எதற்கு இப்போது.

உங்களிடம் போனில் முடியாது என்று சொல்லிவிட்டேன் அல்லவா? அதற்குப் பிறகு நேற்று ஒன்று நடந்தது. எழுந்து போகிற நேரத்தில் அவன் வாசலில் நின்றான். மகள் அவனிடமும் பேசியிருக்கிறாள் போல. 'குடுத்துராதீங்க அத்தான்' என்றான். 'ஒரு மாசம் நான் எங்க போவேன்?'

பெற்ற அப்பன், தம்பி. மகளுடைய கண்காட்சியைத் தடுக்கிறான். அன்றைக்கும் சந்தில் போட்டான், இன்றைக்கும் தடுக்கிறான். என்னிடம் கெஞ்சுகிறான். கெஞ்சினான், அதைப் பார்த்துவிட்டேன், கண் நிறைந்துவிட்டது. ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. என் சங்கடத்தைப் பாருங்கள். கொடுக்காமல் விட்டால் அவன் கேட்டதைச் செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவன் கேட்டு நான் ஒன்றைச் செய்வதா? கொடுத்துவிட்டால் ஒரு மாதம் அவனுக்கு விடுதலை. இந்தப் பக்கமே வர மாட்டான். வெறும் சுவரைப் பார்க்க எவன் வருவான்? ஒரு மாதத்தில் மனுஷன் எதையும் மறந்துவிடுவான். நானும் இந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து யாரை வேக வைப்பது?

இப்போது நீங்கள் வந்து, எவ்வளவு பெரிய கூடம், எத்தனை பேர் வருவார்கள், பத்திரிகைக்காரர்களெல்லாம் வருவார்கள் என்று சொன்னீர்களே, அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. படத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

இருங்கள், எழுந்திருக்க வேண்டாம். நிபந்தனை இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில்தான் விழ வேண்டும். எவனாவது மேலே பல்பு போட்டால் நான் வந்து கழற்றிவிடுவேன். அப்புறம், இந்த நாற்காலியையும் வண்டியில் ஏற்றுங்கள். படத்துக்கு முன்னால், இதே அளவு தள்ளி, இதே மாதிரிப் போடுங்கள். வேறு ஒருவரும் உட்காரக் கூடாது, குறுக்கே ஒரு கயிறு கட்டி வையுங்கள். உங்கள் ஆட்கள் நாற்காலி எதற்கு என்று கேட்டால், படத்தோடு சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

திறப்பு விழா அன்றைக்கு அவனை நான் ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் கூடத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் அவனைப் பிடித்து இதில் உட்கார வைப்பேன். இந்தப் படத்தைச் சந்தில் போட்ட ஆள் இவன்தான், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்குவானா? மகள் ஒரு பக்கம் நிற்பாள். தாங்க மாட்டான். அதற்கு அடுத்த நாளும் உட்கார வைப்பேன். ஜெனோவா வீட்டில் தங்கிக்கொள்வோம். ஒரு மாதமும் உட்காரட்டும். ரயிலில் அவனுக்குக் கீழ் பெர்த் வேண்டும், முட்டி ஆகாது. வலிக்கிறது என்று சாக்குச் சொல்லி வழியில் எங்கேயாவது இறங்கிவிடக் கூடாது பாருங்கள். எனக்கு நாற்காலி வேண்டாம். நான் பின்னால் நிற்பேன்.

செருப்புச் சத்தம் கேட்கிறதா? அவன்தான். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் வந்துவிடுவான். கையில் தூக்குவாளி இருக்கும், கருப்பட்டிக் காப்பி. தினமும் கொண்டு வருகிறான். முதல் நாள் விஷம் வைத்திருப்பானோ என்று அவனை முதலில் குடிக்கச் சொன்னேன், இப்போது பழகிவிட்டது. இரண்டு தம்ளருக்குத்தான் கொண்டு வருவான். என் பங்கை நீங்கள் குடியுங்கள்.

அவனிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். வெளிச்சம் போகிற வரைக்கும் பார்த்து முடிக்கட்டும். உங்கள் டிரைவரை இன்னொரு டீ குடிக்கச் சொல்லுங்கள். அவன் எழுந்த பிறகுதான் நாற்காலியை எடுக்க முடியும்.